மூன்று முறைதான் எழுதலாம்

1

நான் ஜெர்மனிக்கு வந்து சரியாக இரண்டு வருடம் முடிந்த அன்றைக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். என் பெட்டியில் 'விமலா சேகர்' என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது.

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுக்குத் தபால் வந்தால் யாரும் பயப்பட மாட்டோம். கல்யாணப் பத்திரிகை வரும், இன்ஷூரன்ஸ் நோட்டீஸ் வரும். போஸ்ட்மேன் கேட் கம்பியில் செருகிவிட்டுப் போவார், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. இங்கே நல்லது கெட்டது எல்லாமே தபாலில்தான் வருகிறது. விசா வரும், அபராதம் வரும், அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வரும். பெட்டியைத் திறக்கும் முன்னால் இரண்டு விநாடி சும்மா நிற்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன்.

அன்றைக்கு இருந்தது. பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தின் கடிதம். மின்சார அமைப்புகளின் பாதுகாப்பு என்ற பாடத்தில் எனக்கு மூன்றாவது தேர்வு. ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. எழுத்துத் தேர்வு அல்ல, பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அடையாள அட்டை கொண்டுவரவும். கடைசிப் பத்தியில் ஒரு வரி: இதில் தேறாவிட்டால் முதுகலைப் படிப்பு முடிவுக்கு வந்ததாகக் கருதப்படும்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள், ஒதுங்கி வழி விட்டேன், மறுபடி உட்கார்ந்தேன்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். மின்சார பேனல் போர்டு செய்கிற கம்பெனி. பெரிய ஆலைகளில் ஆளுயரத்துக்கு இரும்பு அலமாரி மாதிரி நிற்குமே, உள்ளே பிரேக்கரும் ரிலேயும் ஒயருமாக, அதுதான். முடிந்த போர்டைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சோதித்து அறிக்கை எழுதுவேன். கீழே கையெழுத்துப் போடுவது வேறு ஒருவர். போர்டை ஆலையில் கொண்டுபோய் நிறுத்தி ஓடவைக்கிற வேலைக்கு ஆண்களை மட்டும்தான் அனுப்புவார்கள். எனக்கு அப்புறம் சேர்ந்த பையன்களெல்லாம் அப்படி வெளியே போய் வந்து, எனக்கு மேலே உட்கார்ந்தார்கள்.

என் கணவர் சேகர் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒருநாள் நான் இதைச் சொல்லிப் புலம்பியபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒம்போது வர்சமா நீ எய்திக் குடுக்கிற, எவனோ சைன் போடறான். இன்னாத்துக்கு இந்த வேலை? பெரிய படிப்பு படிக்கணும் படிக்கணும்னு சொல்லிகினே கீறியே, போய்ப் படி. பாப்பாவ நான் பாத்துக்கிறேன்."

பாப்பா என்றால் யாழினி. நான் கிளம்பும்போது ஐந்து வயது, இப்போது ஏழு. அவளை விட்டுவிட்டு எப்படி வந்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களில் ஒருவர்கூட ஆண் மாணவர்களிடம் அதைக் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்லத் தெரியாதது என் பக்கக் குறைதான். எனக்கு ஆசையாக இருந்தது, வந்துவிட்டேன். வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் கிடையாது.

3

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல்லூரியில் பி.இ. படித்தவள் நான். எங்கள் பக்கம் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அரியர் என்றால் ஜலதோஷம் மாதிரி. வரும், போகும். ஒரு பேப்பர் போய்விட்டால் அடுத்த செமஸ்டரில் பணம் கட்டி எழுதலாம், அதிலும் போனால் அதற்கடுத்ததில். கொஸ்டின் பேப்பர் எப்படி வருகிறதென்று பார்ப்பதற்காகவே ஹாலுக்குப் போகிற கூட்டம் ஒன்று எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அரை மணி வரை வெளியே விடமாட்டார்கள் என்பதால் மார்ஜின் கோடு போட்டுக்கொண்டிருக்கும், அப்புறம் பேப்பரைக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போகும். நானே இரண்டு தடவை அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். சேகர் டிப்ளமாவில் கணக்குப் பாடத்தை ஏழாவது தடவையில் முடித்தவர். அன்றைக்கு நண்பர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்த கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

இங்கே முதல் செமஸ்டர் முடிவில் தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் தினேஷ், ஆவடிக்காரன், என் வகுப்பு. எட்டு வயது இளையவன் என்பதால் என்னை அக்கா என்பான். திரையில் பாடங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம்.

"அக்கா, துட்டே கேக்கல பாத்தியா," என்றான். "எல்லாத்தையும் டிக் அடிச்சி வுடு. எய்தினா எய்துறோம், இல்லாங்காட்டி அடுத்த தபா பாத்துக்கலாம்."

இலவசம் என்றால் விடுவோமா? ஆறு பாடத்துக்கும் டிக் அடித்தேன். ஐந்துக்குத்தான் படித்தேன். பாதுகாப்புப் பாடத்துக்குக் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அழகாக மார்ஜின் போட்டேன். பெயர், எண், அரைப் பக்கம் ஏதோ ஒன்று. முப்பத்தைந்து நிமிடத்தில் எழுந்தேன். மேற்பார்வைக்கு இருந்த பெண் என் தாளைப் பார்த்துவிட்டு, "நிச்சயமாகவா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை, பக்கத்தில் 1 என்று ஒரு எண். அது என்னவென்று கேட்கத் தேர்வு அலுவலகத்துக்குப் போனேன்.

"முதல் முயற்சி என்று அர்த்தம். மொத்தம் மூன்று உண்டு," என்றாள் அங்கிருந்த பெண்மணி.

"மூன்றுக்கு அப்புறம்?"

"அப்புறம் இல்லை."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மூன்றாவதிலும் போனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, இந்த நாட்டில் எங்கேயும் இந்தப் பட்டத்துக்கு மறுபடி சேர முடியாது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்புவரை பெயரை வாபஸ் வாங்கியிருக்கலாம், ஒரு பட்டனை அழுத்தினால் போதும், விதிமுறைப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறதே, நீங்கள் படிக்கவில்லையா?

படிக்கவில்லை. பாடப் புத்தகமே படிக்காதவள் விதிமுறைப் புத்தகமா படித்திருப்பேன்.

4

இரண்டாவது முறை மூன்று மாதம் படித்தேன். பாடம் தெரியும், அது பொய்யில்லை. ஆனால் ஹாலில் உட்கார்ந்ததும் தாளின் மூலையில் அச்சடித்திருந்த 2 என்ற எண்தான் கண்ணில் நின்றது. முதல் கேள்வியில் ஒரு கணக்கை நான்கு தடவை போட்டேன், நான்கு விடை வந்தது. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. அன்றிலிருந்து பயம் என்னோடு ஒரே அறையில் குடியிருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அந்த 2, அப்புறம்தான் இது எந்த ஊர் என்ற நினைவே வரும்.

தினேஷ் வேறொரு பாடத்தில் மூன்றையும் தீர்த்துவிட்டான். மார்ச் மாதம் மூட்டை கட்டினான். கிளம்புகிற அன்று தன் ரைஸ் குக்கரை என் அறையில் கொண்டுவந்து வைத்தான்.

"ஊட்ல லீவுல வர்றேன்னு சொல்லிக்கிறேன்கா. அப்பால பாத்துக்கலாம்."

"எத்தனை நாளைக்குடா லீவுன்னு சொல்லுவே?"

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டான். ஊருக்குப் போன பிறகு அவன் போன் அடிப்பதே இல்லை. ஒரு வாரத்தில் அவன் தபால் பெட்டியில் வேறு பெயர் ஒட்டிவிட்டார்கள். பழைய சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை, அதன் மேலேயே ஒட்டினார்கள். தினமும் அந்தக் குக்கரில்தான் சோறு வைக்கிறேன்.

கடிதம் வந்த மறு வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு வேலை இருந்தது. இங்கே தங்க எனக்குக் கொடுத்த அனுமதி இரண்டு வருடத்துக்குத்தான், புதுப்பிக்க வேண்டும். எண் வந்ததும் உள்ளே போனேன். வயதான அதிகாரி. வணக்கம் சொன்ன கையோடு, பதற்றத்தில், அவரை 'நீ' என்று பேசிவிட்டேன். ஜெர்மன் மொழியிலும் தமிழைப் போல நீ, நீங்கள் உண்டு. "நீ எனக்கு இரண்டு வருடம் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறேன். நம்மூர் தாசில்தார் ஆபீசில் இப்படிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டினார். 2 என்ற எண்ணின் மேல் அவர் பேனா நின்றது.

"மூன்று மாதம் தருகிறேன். தேர்வு முடிவோடு வாருங்கள். மிச்சத்தை அப்போது பேசலாம்."

ஆக, எல்லாமே அந்தச் செவ்வாய்க்கிழமையில் போய் மாட்டிக்கொண்டது.  

5

இது எதுவும் நசரத்பேட்டைக்குத் தெரியாது. முதல் முறை போனதையே சொல்லவில்லை.

தினமும் எனக்கு மத்தியானம், அவர்களுக்குச் சாயங்காலம், வீடியோவில் பேசுவோம். பேசுவோம் என்பது சேகரும் நானும். பாப்பா முதல் வருடம் விடாமல் பேசினாள். அப்புறம் போனைக் கட்டில் மேல் மல்லாக்க வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். இரண்டு வருடத்தில் அவள் முகத்தைவிட எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "பாப்பா, அம்மா லைன்ல இருக்கேன்" என்பேன். "தெர்தும்மா" என்று எங்கிருந்தோ குரல் வரும். போன வருடம் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று எனக்கு அவள்தான் காட்டிக் கொடுத்தாள். சர்க்கரை டப்பாவை இடம் மாற்றியிருந்தார்கள்.

அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, சேகர் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா விமலா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொல்லிவிட்டேன். ஒன்று, இரண்டு, இப்போது மூன்று. தினேஷ் போனது. மூன்று மாத அனுமதி. சொல்லும்போது அழக்கூடாது என்று இருந்தேன், அழுதேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏழு தபா எய்தினவன்கிட்டயே இத மறைச்சிகினியே நீ," என்றார். கோபமில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். அப்புறம், "ஃபெயிலானா இன்னா இப்போ? தூக்குலயா போடப் போறாங்க? ஊடு கீது, நான் கீறேன், பாப்பா கீது. பொட்டியக் கட்டிகினு வந்துடு. அவ்ளோதானே?"

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதைக் கேட்டதும் பயம் இரண்டு மடங்காயிற்று. பெட்டி கட்டுவது சுலபம். கட்டிக்கொண்டு போனால் அதே டெஸ்ட் பெஞ்ச், அதே அறிக்கை, கீழே வேறொருவர் கையெழுத்து. இரண்டு வருடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் என்ன கொண்டுவந்தாய் என்று யாராவது கேட்டால், ஒரு ரைஸ் குக்கர் என்றா சொல்வேன்?

அப்போது போன் ஆடியது. பாப்பா முகம் திரை முழுக்க வந்து நின்றது. அவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"அம்மா, எக்ஸாம் எப்போ?"

6

அதிலிருந்து பாப்பா மாறிவிட்டாள். மத்தியானம் நான் கூப்பிடும்முன் அவளே கூப்பிட்டாள். மின்விசிறி போய் முகம் வந்தது.

"இன்னிக்குப் படிச்சியாமா?"

"படிச்சேன்டா."

"எல்லாம் புரிஞ்சிச்சா?"

"கொஞ்சம் புரியல."

"பரவால்ல வுடு," என்பாள். சிரிப்பாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது.

தினசரி காலண்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளைத் தேடிப் பிடித்து ஓரத்தை மடித்து வைத்திருக்கிறாள் என்று சேகர் சொன்னார். "இன்னும் பதினோரு நாளுமா", "இன்னும் ஆறு நாளுமா" என்று சரியாகச் சொல்வாள். எனக்கு மனசு நிறைந்துபோகும். எவ்வளவு அக்கறை என் பிள்ளைக்கு. இந்தப் பிள்ளைக்காகவாவது தேறிவிட வேண்டும் என்று உட்காருவேன். பத்துப் பக்கம் படித்து மூடினால் ஐந்து பக்கம் மறந்திருக்கும், மறுபடி முதல் பக்கத்தைத் திறப்பேன். கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து அறைப் பெண் ஒருநாள் கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் பாப்பா, "அம்மா, ரொம்பக் கஷ்டமா இருந்தா எய்தாத," என்றாள்.

"வாயால சொல்றதுடா. எழுதறதில்ல."

"அப்போ சொல்லாத," என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

7

சின்ன அறை. பேராசிரியர், அவர் பக்கத்தில் நான் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ள ஓர் உதவியாளர். மேசையில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

முதல் கேள்விக்குப் பாதி சொன்னேன். இரண்டாவதுக்கு ஒரு சமன்பாடு வேண்டும். அது வரவில்லை. ஆங்கிலமும் போய்விட்டது, வாய்க்குள் தமிழ்தான் இருந்தது. உதவியாளர் எழுதுவதை நிறுத்தினார். எழுத அங்கே ஒன்றும் இல்லையே. முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 

பேராசிரியர் கேள்வியை மாற்றினார். சி.டி. என்று ஒரு கருவி உண்டு. ஒயரில் ஓடும் பெரிய மின்னோட்டத்தைச் சின்னதாக்கி மீட்டருக்குக் கொடுக்கும். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மீட்டர் பக்கத்து ஒயரைக் கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"நான் கழற்றியிருக்கிறேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொன்னேன். திருமழிசையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், முழு மின்னோட்டத்தில் ஒரு போர்டைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஒரு மீட்டர் தப்பாகக் காட்டியது. சப்ளையை நிறுத்தாமல், ஸ்குரூவைத் தளர்த்தி ஒயரை இழுத்தேன். முதலில் வண்டு மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் டெர்மினலில் நீலப் பொறி, பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். ஒயர்மேன் ஏழுமலை, "கைய எடுமா! உசுர வாங்கிடும்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயினை இறக்கினார். வேகத்தில் அவர் கத்தியதைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். உதவியாளர் பேனாவோடு விழித்தார், நான் மொழிபெயர்த்தேன். அதற்கப்புறம் ஏன் அப்படி ஆகிறதென்ற சமன்பாடு தானாகவே வந்தது. திரும்பிப் போய் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார். முக்கால்வாசி சொன்னேன்.

வெளியே பத்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை முழுவதும் படித்தேன். உள்ளே கூப்பிட்டு, நான்கு புள்ளி பூஜ்யம் என்றார்கள். இந்த ஊரில் ஒன்றுதான் உயர்ந்த மதிப்பெண். நான்கு என்றால் தேர்ச்சியின் கடைசிப் படி. அதற்குக் கீழே பள்ளம்தான். எனக்குப் போதும்.

தாழ்வாரத்திலேயே நின்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். அங்கே நாலு மணி. சேகர் முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்தார்.

"பாஸுங்க," என்றேன்.

"யம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டிலிருந்து அவர் அக்கா கலா, "இன்னாடா ஆச்சி?" என்று கேட்பது எனக்கே கேட்டது. "பாஸாயிட்டாக்கா! எங்கூட்டுக்காரி பாஸாயிட்டா!" கொஞ்ச நேரம் அவரும் நானும் மாறி மாறி அழுதோம். இன்னும் ஒரு வருடம், ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் பாக்கி என்றேன். "ஒரு வர்சம் இன்னா, கண்ணு மூடித் தொறந்தா பூடும்," என்றார்.

"பாப்பாகிட்ட குடுங்க."

"பாப்பா, அம்மா பாஸு! இந்தா பேசு."

ஸ்கூல் யூனிபார்மோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நெஜமாவா பாஸு?"

"நெஜமாதான்டா செல்லம்."

"அப்போ நீ வரமாட்டியா?"

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். நாலு வாரமாக அவள் கேட்ட கேள்விகளெல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"ஃபெயிலாயிட்டா நீ வந்துடுவேன்னு அப்பா சொன்னாரே," என்றாள். அழவில்லை. கணக்கில் தப்பு வந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். "நான் மிஸ்ஸாண்ட சொல்லிட்டேன். எங்கம்மா ஃபெயிலாவப் போறாங்க, ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்துடுவாங்கன்னு. அம்மாங்க லெமன் ஸ்பூனுக்கு மிஸ் உன் பேர எய்திட்டாங்களே."

சேகர் பின்னாலிருந்து, "ஏய், இன்னா பேசற நீ," என்றார். அவள் திரும்பவில்லை.

"பேர அடிக்கச் சொல்லட்டா?" என்று என்னைக் கேட்டாள்.

அப்போது அறைக் கதவு திறந்து பேராசிரியர் வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, வாழ்த்துகள், இனி நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் நன்றி சொன்னேன். இன்னொரு கையில் பாப்பா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.